பழையவரும் புதியவரும்

(திருப்பூர் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், சங்கத்தில் பழைய அங்கத்தினர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இடையே இருந்துவரும் மனஸ்தாபத்தைப் பற்றியதாகும். கூலி, போனஸ், பி.எப். என்று பெரிய காரியங்கள் எத்தனையோ இருக்க, யார் நாற்காலியில் உட்காருவது, யார் வாசலில் நிற்பது என்கிற சில்லறைச் சங்கதியை ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கலாம். இது சில்லறைச் சங்கதி அல்ல என்பதே என் அபிப்பிராயம். எந்தச் சங்கத்தையும் வெளியே இருக்கிறவன் அடித்து உடைப்பதற்கு முன்பு உள்ளே விரிசல் கண்டிருக்கும். அந்த விரிசல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சங்கம் என்பது என்ன? தனியாக நின்றால் ஒன்றும் செய்ய முடியாதவர்கள், ஒருவர் கஷ்டத்துக்கு மற்றவர் கைகொடுப்பது என்று ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடுதான். சம்பளம் பிடித்துவைத்தால் கேட்கப்போவது, மிஷினில் விரல் போனால் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைவது, செத்துப்போனால் பிணத்தை ஊருக்கு அனுப்பிவைப்பது ஆகிய இவைதான் சங்கத்தின் வேலை. கஷ்டத்துக்கு உதவுவதற்கென்றே ஏற்பட்ட இடத்தில், கஷ்டத்தோடு வருகிறவனைப் பார்த்து முகம் சுளிப்பதென்றால், அது சோறு போடுகிற சத்திரத்தில் பசித்தவனைத் துரத்துவது போன்றதல்லவா?

பழையவர் சொல்லுவது

ஆனால் தோழர்களே, பழையவர்களைக் குறை சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கிப்போக நான் வரவில்லை. அவர்கள் சொல்லுவதில் நியாயமே இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இந்த ஊரில் 1984ஆம் வருஷம் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 127 நாள் என்பது வாயால் சொல்லுவதற்குச் சுலபம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம் வாங்கி அரிசி வாங்குகிற வீட்டில் 127 நாள் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்பதை நினைத்துப்பாருங்கள். அப்படி இருந்தவர்களில் சிலர் இன்றும் நம் நடுவில் இருக்கிறார்கள். பஞ்சப்படி என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதென்றால் அது அவர்கள் வயிற்றைக் கட்டி வாங்கியது. நேற்று ரயிலில் இருந்து இறங்கியவனுக்கும் அந்தப் பஞ்சப்படி கிடைக்கிறது, அவனோ "சங்கம் எனக்கு என்ன செய்தது?" என்று கேட்கிறான். கேட்டால் கோபம் வருமா, வராதா?

அன்றியும், புதியவன் கஷ்டம் வந்தபோது வருகிறான். பாக்கிப் பணம் கைக்கு வந்ததும் காணாமல் போகிறான். சந்தா கேட்டால் அடுத்த வாரம் என்கிறான். ஒரே கேள்வியை நூறு பேர் நூறு தடவை கேட்கிறார்கள். பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைவிட்டு ஆபீசில் உட்கார்ந்து பதில் சொல்லுகிறவருக்குச் சலிப்பு ஏற்படுவது மனித சுபாவமே. அவர் கல் அல்ல.

புதியவர் சொல்லுவது

நிற்க, புதியவனையும் கேட்போம். அவன் சொல்லுகிறான்: "அய்யா, நான் கேட்ட கேள்வியை எனக்கு முன் நூறு பேர் கேட்டிருக்கலாம். நான் கேட்பது இதுதான் முதல் தடவை. என் சம்பளம் பிடிக்கப்பட்டது நேற்றுத்தான். சங்கத்தில் எதெது வழக்கம் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. தெரியாமல் நடந்தால் மாத்திரம் திட்டுகிறார்கள்." இதற்கு என்ன பதில்? நூறு தடவை பதில் சொன்னவருடைய சலிப்பும் உண்மை. முதல் தடவை கேட்கிறவனுடைய தவிப்பும் உண்மை. இரண்டு உண்மைகள் மோதிக்கொள்ளுகிறபோது ஆளைத் திருத்துவதைவிட ஏற்பாட்டைத் திருத்துவதே புத்திசாலித்தனம். அந்த ஏற்பாட்டைப் பின்னால் சொல்லுகிறேன்.

ஆனால் சலிப்புக்குப் பரிகாரம் உண்டே ஒழிய, கர்வத்துக்குப் பரிகாரம் கிடையாது. "நான் முதலில் வந்தவன், ஆகவே நான் உயர்ந்தவன், நீ பின்னால் வந்தவன், ஆகவே கீழே நில்" என்பது எதைப்போல் இருக்கிறது? முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்கிறார்களே, அதைப்போல் இல்லையா? ஒருவன் பிறந்த இடத்தை வைத்து உயர்வு தாழ்வு சொல்லுகிறவனைக் கண்டிக்கிற நாம், ஒருவன் சேர்ந்த தேதியை வைத்து உயர்வு தாழ்வு சொல்லலாமா? இது சங்கத்துக்குள் நாமே கட்டிவைக்கும் வருணாசிரமம் என்றுதான் சொல்லுவேன். முன்னால் வந்தவருக்கு அனுபவம் இருக்கிறது. அதற்கு மரியாதை உண்டு. ஆனால் அனுபவம் என்பது பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத்தக்க சரக்கே ஒழிய, பிறர் தலையில் ஏறி உட்காருவதற்குப் பட்டயம் அல்ல.

யார் பழையவர்?

இந்தத் திருப்பூரில் பழையவர் யார் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். பனியன் தொழில் இங்கு தலைகாட்டியது 1920களில்தான். அதற்கு முன் இது பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். முதலில் சுற்றுவட்டாரக் கிராமத்தார் வேலைக்கு வந்தார்கள். ஏற்றுமதி பெருகியதும் மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைகளில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அப்போது இங்கிருந்தவர்கள் அவர்களைத் "தெக்கத்திக்காரன்" என்று சொல்லி வாடகைக்கு வீடு கொடுக்கவும் யோசித்தார்கள். பிறகு பீகார், ஒரிசா, ஜார்க்கண்டு, வங்காளம், அஸ்ஸாமில் இருந்து வந்தார்கள். அன்று "தெக்கத்திக்காரன்" என்று முகம் சுளிக்கப்பட்டவரே இன்று "வடக்கன்" என்று முகம் சுளிக்கிறார். மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள், தான் மாமியார் ஆனதும் அதே கரண்டியைக் கையில் எடுத்த கதைதான் இது!

இன்னும் கொஞ்சம் தூரம் பார்ப்போம். இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் நம் தமிழர்கள். நூறு வருஷத்துக்குமேல் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களைப் பார்த்து, 1948ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் "நீ வந்தேறி, உனக்கு இந்த நாட்டில் பாத்தியதை இல்லை" என்று சொல்லிற்று. பம்பாயில் 1966இல் சிவசேனை தோன்றியபோது அது முதலில் பகைத்தது தென்னாட்டாரைத்தான். அங்கே அழுத வாயால் இங்கே அதே பேச்சைப் பேசினால், நம்முடைய அழுகை நியாயத்துக்காக அல்ல, நாம் அடிபட்டதற்காக மாத்திரம்தான் என்று ஆகிவிடாதா?

கூலியைக் குறைத்தது யார்?

"இவர்கள் குறைந்த பீஸ் ரேட்டுக்கு ஒத்துக்கொண்டு நம் கூலியைக் கெடுக்கிறார்கள்" என்பது நம்மவர்கள் சொல்லும் பெரிய குற்றச்சாட்டு. அது எப்படி நடக்கிறது என்று யோசித்தீர்களா? ஓவர்லாக் தைக்க ஒப்பந்தத்தில் ரேட் இவ்வளவு என்பது அவனுக்குத் தெரியாது. அவனை அழைத்துவந்த காண்ட்ராக்டர் சொன்னதுதான் அவனுக்கு ரேட். உடைமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நம் ஆபீசுச் சுவரில் தமிழில் தொங்குகிறது. அதை அவன் பாஷையில் அவனுக்குச் சொன்னவர் யார்? சொல்லாததால் லாபம் அடைந்தவர் யார்? நம்மை அவன் கெடுத்தான் என்பதைவிட, அவனைத் தனியே விட்டு நம்மை நாமே கெடுத்துக்கொண்டோம் என்பதுதான் சரி.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: "ஹிந்தியை எதிர்க்கிற நாம் ஹிந்தியில் நோட்டீசு போடுவதா?" என்று. 1938இலும் 1965இலும் நாம் எதிர்த்தது, வேண்டாம் என்கிறவன் வாயில் ஒரு பாஷையைத் திணிப்பதை. திணித்தவர்கள் சர்க்கார் நாற்காலியில் இருந்தவர்களே ஒழிய, பவர் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து தைப்பவன் அல்ல. அன்றியும் வந்தவர்கள் எல்லோரும் ஹிந்திக்காரர் என்பதே அறியாமை. ஒரிசாக்காரனுக்கு ஒடியா, வங்காளிக்கு வங்காளி, பீகாரில் போஜ்புரி, மைதிலி என்று வேறு வேறு பேச்சு. அவனவனுக்குப் புரிகிற பாஷையில் அவனவன் கூலியைச் சொல்லுவது திணிப்பு ஆகாது.

சரித்திரம் காட்டுவது

சென்னையில் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. 1921இல் பின்னி மில்லில் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது ஜாதி ஹிந்துக்களும் முஸ்லீம்களும் ஒரு பக்கம் நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தமும் தோற்றது. ஆதிதிராவிடர்களைத் துரோகிகள் என்று சொன்னவர்கள் பலர். "இது என் சங்கம்" என்று அவர்கள் நினைக்கும்படி முன்னே யார் நடந்துகொண்டார்கள் என்று கேட்டவர்கள் சிலரே.

இதற்கு மாறாக, 1889இல் லண்டன் துறைமுகத்தில் அன்றாடம் வாசலில் நின்று வேலைக்கு ஏங்கும் கூலிகள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கப்பலில் சரக்கு அடுக்கும் கைதேர்ந்த தொழிலாளர்களுக்குப் பழைய சங்கமும் நல்ல கூலியும் இருந்தன. அவர்கள் "நமக்கென்ன?" என்று இருந்திருக்கலாம். அப்படி இராமல் கூலிகளோடு சேர்ந்து நின்றார்கள். அய்ந்து வாரத்தில் ஆறு பென்ஸ் கிடைத்தது.

இனி, புதியவர்களால் கெட்ட கதையும் ஒன்று உண்டு. அதை மறைப்பது யோக்கியமல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844இல் 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை வைத்தார்கள். அந்த இயக்கத்தார் 1854இல் ஒரு பஞ்சாலைச் சங்கமும் ஆரம்பித்து, லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு என்று விதி செய்தார்கள். ஆலை செழித்ததும் புதிய பங்குதாரர்கள் திரண்டு வந்தார்கள். 1862இல் அவர்கள் ஓட்டுப் போட்டு, தொழிலாளி பங்கையே எடுத்துவிட்டார்கள்! ஆகவே கதவைத் திறந்துவைத்தால் மாத்திரம் போதாது. உள்ளே வருகிறவனுக்கு, இந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். சொல்லிக்கொடுக்காத கொள்கை, ஆரம்பித்தவரோடேயே செத்துப்போகும்.

வதந்தி

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று செல்போனில் படங்கள் பரவின. எங்கோ வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் படங்கள் அவை. பீகாரில் இருந்து அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து விசாரித்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள். "கண்ணால் பார்த்தோமே" என்றார்கள். அவர்கள் பார்த்தது செல்போனையே ஒழிய, சம்பவத்தை அல்ல! பிள்ளையார் பால் குடித்தார் என்று 1995இல் கிண்ணத்தோடு ஓடியவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? நம்மவர்களும் குறைந்தவர்கள் அல்ல; எங்கே திருட்டு என்றாலும் விசாரிக்குமுன் "வடக்கன்தான்" என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள்.

ஒவ்வொரு கம்பெனியிலும், "அண்ணா, இது நிஜமா?" என்று கேட்கத்தக்க ஒரு உள்ளூர் மனிதர் அவர்களுக்கு இருந்திருந்தால், அந்தப் பொய் கம்பெனி வாசலைத் தாண்டியிருக்குமா?

செய்யவேண்டியது

பேசிக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை. என் புத்திக்குப் பட்ட சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்குப் பதிலை ஒரே காகிதத்தில் தமிழ், ஹிந்தி, ஒடியா, வங்காளி ஆகியவற்றில் அச்சிட்டு வையுங்கள். பழையவருக்குத் தொண்டை மிச்சம். புதியவனுக்கு அவமானம் மிச்சம்.

இரண்டாவது, ஆபீசில் பதில் சொல்லும் வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். முறை வையுங்கள். சலித்தவரை ஓய்வெடுக்கவிடுவது அவருக்கு அவமரியாதை அல்ல, மரியாதையே ஆகும்.

மூன்றாவது, புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய அங்கத்தினரைத் துணையாக வையுங்கள். 127 நாள் கதையை அவன் அவர் வாயால் கேட்கட்டும்.

நான்காவது, விதிகளை எழுதிவையுங்கள். எழுதாத விதி பெரிய மனிதருடைய சவுக்கு. எழுதிய விதி எல்லோருக்கும் கைத்தடி.

அய்ந்தாவது, கமிட்டியில் வெளி மாகாணத் தோழர்களுக்கும் பெண் தொழிலாளர்களுக்கும் இடம் கொடுங்கள். பிசிர் வெட்டுகிற, செக்கிங் பார்க்கிற பெண்கள் இத்தனை பேர் இருக்க, மேடையில் ஒருவரைக்கூடக் காணோமே! அவர்கள் புதியவர்களா? இல்லை. பழையவர்களாக இருந்தும் என்றும் புதியவர்களாகவே வைக்கப்பட்டவர்கள்.

புதிய தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமை கேட்கிறவன் சந்தாவும் கட்டவேண்டும். காரியம் முடிந்ததும் ஓடிவிடாமல், அடுத்தவன் காரியத்துக்கு வந்து நிற்கவேண்டும். நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்துவதற்காக அல்ல, காண்ட்ராக்டர் உங்களை விற்கும்போது அவன் பேரம் என்ன என்று உங்களுக்குப் புரிவதற்காக.

தோழர்களே! மிஷினில் விரல் போகிறபோது, ஊசி இது எந்த மாகாணத்து விரல், எந்த வருஷம் சேர்ந்த விரல் என்று கேட்பதில்லை. ஊசி கேட்காத கேள்வியைச் சங்கம் கேட்கலாமா?

நான் சொன்னவை எல்லாம் என் சொந்த அபிப்பிராயங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஏற்கவேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். சரி என்று பட்டதை வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். சரியல்ல என்று பட்டதை அடுத்த கூட்டத்தில் எழுந்து கண்டியுங்கள். நேற்றுச் சேர்ந்தவருக்கும் அந்த உரிமை உண்டு.