மண்ணுக்குள் ஒரு பெரட்டு



பெரட்டு மணி அடித்ததும் தோட்டத்து ஆட்கள் கூடியதை நாம் அறிவோம். காதும் மூளையும் இல்லாத சிற்றுயிர்கள் எப்படிக் கூடும்?

காட்டு மண்ணில் ஒருவகை அமீபாக்கள் தனித்தனியே திரிந்து நுண்கிருமிகளைத் தின்று வாழ்கின்றன. இவற்றுக்குச் சளிப்பூஞ்சை என்று பெயர். ஆனால் இவை உண்மையில் பூஞ்சைகள் அல்ல.

இரை தீர்ந்ததும், பட்டினியான அமீபா ஓர் இரசாயனத்தைக் கசியவிடும். அருகிலுள்ளது அதை உணர்ந்து, அது வந்த திசை நோக்கி நகரும். தானும் கசியவிட்டு அடுத்ததற்குச் செய்தி சொல்லும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி அலை எழும். ஜான் போனர் என்ற அறிஞர் 1947-இல் இந்த அழைப்புப் பொருளுக்கு அக்ராசின் என்று பெயரிட்டார். ஓர் இனத்தில் அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்பது 1967-இல் தெரியவந்தது. நம் உடலின் உயிரணுக்களுக்குள் செய்தி கொண்டுபோவதும் இதே பொருள்தான்!

அந்த இனத்தில், கூடியவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காம்பாகி மடியும். மற்றவை அதன் உச்சியில் வித்துகளாகிப் பிழைக்கும்.

உறவுக்காக மடிகின்றனவோ? தமிழ்நாட்டு முதுமலைக் காட்டிலிருந்து இத்தகைய உயிர்களை எடுத்து, பெங்களூர் வித்யானந்த் நஞ்சுண்டையா குழுவினர் ஆராய்ந்தனர். ஒரே கூட்டத்தில் வெவ்வேறு மரபுடையவையும் கலந்திருந்தன. அப்படியானால் அயலாருக்காக மடிவது ஏன்? அறிவியல் இன்னும் ஆராய்ந்துவரும் கேள்வி இது.