வரைபடத்தில் வரைந்த தீவை நடந்து பார்ப்போம்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"போன வருஷம் நீங்கள் ஆறு பேர் போய்வந்த பயணத்தைப் பற்றிப் பேசுங்கோ அக்கா" என்று செயலாளர் கேட்டார். நாங்கள் மலையேறும் வீராங்கனைகள் அல்ல. ஆறு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்குச் சர்க்கரை, எல்லோருக்கும் இடுப்பு. ஆனாலும் 2024 மார்ச் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் வானில் தீவைச் சுற்றினோம், நடக்கக்கூடிய இடங்களில் நடந்தோம், மூன்று இரவுகள் கூடாரத்தில் படுத்தோம். நீங்களும் போகவேண்டும் என்பதற்காகத்தான் இன்று பேசுகிறேன்.

எங்கள் வகுப்பில் புவியியல் பாடத்துக்கு இலங்கைப் படம் வரையாதவர் இல்லை. 103 ஆறுகள் என்று மனனம் செய்தோம். நடுவில் மலைநாடு, அங்கிருந்து ஆரைக்கால்கள் போலப் பரவும் ஆறுகள், ஈரவலயத்துக்குப் பச்சை, உலர்வலயத்துக்கு மஞ்சள் என்று நிறம் தீட்டினோம். நேரில் போய்ப் பார்க்க ஒரு சுற்றுலாவும் ஏற்பாடானது. அது 1977. ஆகஸ்டில் கலவரம் வந்தது, சுற்றுலா நின்றது. பிறகு 1983. எங்கள் வகுப்பிலேயே சிலர் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அங்கிருந்து இலண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண். கொழும்பில் தங்கிய எங்களுக்கும் தீவு என்பது வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் சோதனைச் சாவடிகளும்தான். ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பிறகு மறுபடி திறந்தபோது எங்களுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அதன் பிறகும் ஊருக்கு வந்தால் கலியாணம், கோவில், புடவைக்கடை, விமான நிலையம். அவ்வளவுதான்.

ஆகவே நாங்கள் திட்டமிட்ட விதத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, மாதம். தீவு முழுவதும் ஒரே நேரத்தில் நல்ல காலநிலை என்பது அரிது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கையும் மலையின் மேற்குச் சரிவையும் நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கையும் வடக்கையும் நனைக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் மார்ச். பிற்பகலில் இடிமழை பெய்யலாம். அதனால் நடையை விடியற்காலையில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடிப்பது என்று முடிவெடுத்தோம். ஓகஸ்ட் விடுமுறையில்தான் வரமுடியும் என்பவர்கள் கிழக்கையும் வடக்கையும் வைத்துக்கொண்டு, மலையின் மேற்குச் சரிவை இன்னொரு முறைக்கு விடுங்கள்.

இரண்டாவது, பாதை. "எல்லாவற்றையும் பார்ப்போம்" என்று தொடங்கினால் வானுக்குள்தான் பன்னிரண்டு நாளும் போகும். எங்களுக்கு ஓர் ஆறு வழிகாட்டியது. களனி கங்கை முகத்துவாரத்துக்கு அருகில், கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலில் கலக்கிறது. அங்கே ஒரு காலையில் கூடி நின்று, ஆற்றை எதிர்த்து மேலே போனோம். அவிசாவளை, கித்துள்கல, ஹற்றன், நுவரெலியா, ஹோட்டன் சமவெளி. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலையூற்றுகள் அந்தச் சமவெளியில் உண்டு. அங்கிருந்து அப்புத்தளை, பண்டாரவளை, மொனராகலை வழியாகப் பொத்துவில். பிறகு கரையோரமாக மட்டக்களப்பு, வெருகல், திருகோணமலை. அடுத்து வவுனியா, ஆனையிறவு, யாழ்ப்பாணம், நெடுந்தீவு. திரும்பும்போது சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, மன்னார், புத்தளம், கொழும்பு. முன்பு பாதையில் ஏறிக் கடந்த கிண்ணியாவுக்கு 2009இலும், சங்குப்பிட்டிக்கு 2011இலும் பாலம் வந்தது. அந்தப் பாலங்கள் இல்லாவிட்டால் இந்தச் சுற்று இவ்வளவு இலகுவாக அமையாது.

மூன்றாவது, நடை. எங்கள் சட்டம் ஒன்றே: மெதுவாக நடப்பவள்தான் முன்னால் போகவேண்டும். அவளை யாரும் முந்தக்கூடாது. மூன்று மாதம் முன்பே பயிற்சி தொடங்கினோம். வெள்ளவத்தைக்காரர் காலையில் மறைன் டிரைவில் நடந்தோம். ரொறன்ரோ தோழி தன் மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். புதுச் சப்பாத்துடன் யாரும் வரக்கூடாது என்றும் சொல்லியிருந்தோம். கேளாமல் வந்த ஒருத்தியின் குதிக்கால் இரண்டாம் நாளே கொப்பளித்தது. அது நான்தான்.

ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்துக்கு 2,000 மீற்றருக்கு மேல் இருக்கிறது. உலக முடிவுக்குப் போய்ச் சுற்றித் திரும்ப ஏறத்தாழ 9 கிலோமீற்றர். காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்கவேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு முகில் மூடினால் அந்தப் பள்ளத்தாக்கு வெறும் வெள்ளைச் சுவர். பொலித்தீன் பைகளை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே சாப்பாட்டை டப்பாவில் அல்லது வாழையிலையில் கட்டுங்கள். கூடாரத்துக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். இரவில் குளிர் கொழும்புக்காரர் நினைப்பதைவிடக் கடுமை. இரண்டு சோடி மேசும் ஒரு கம்பளித் தொப்பியும் இல்லாமல் போகாதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் இலங்கை அடையாள அட்டையும் இருந்தால் அதை மறக்கவேண்டாம். நுழைவுக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

இனி அப்புத்தளை. இதை இங்கே சொல்வதற்கு அந்தத் தோழியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். திட்டம் போடும்போதே அவள் சொன்னாள்: "அப்புத்தளைப் பக்கம் வேணாம்டி, நேரா எல்லவுக்குப் போயிருவோம்." ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெரும்பான்மை வாக்கில் அவளைத் தோற்கடித்து விட்டோம். தம்பதென்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீற் வரை ஏறத்தாழ 7 கிலோமீற்றர், தேயிலைக்குள்ளால் ஏற்றம். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது. பாதி வழியில் லயங்களைத் தாண்டும்போது அவள் நின்றுவிட்டாள். "எங்க பாட்டி இந்தப் பக்கத்து மலையிலதான் கொழுந்து பறிச்சாங்க. அப்பா கொட்டாஞ்சேனையில கடை வச்சப்புறம் பிறந்தவ நான். ஸ்கூல்ல யாருக்கும் சொல்லல" என்றாள்.

பதினொரு வருடம் ஒரே வாங்கில் இருந்தவள். அவள் ஏன் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். "தோட்டக்காட்டார்" என்ற சொல்லை நாங்கள் இடைவேளையில் எவ்வளவு சாதாரணமாகச் சொல்வோம் என்று நினைத்துப் பார்த்தோம். ஒருத்தியும் பேசவில்லை. பிறகு அவளே முன்னால் நடந்தாள். அன்றைக்கு மெதுவாக நடந்தவர்கள் நாங்கள்.

அவளுடைய முன்னோர் நடந்தே வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். வழியில் நோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். அந்த வருகைக்கு இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். இன்று கண்டிக்கருகில் ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் 22 பகுதிகளாகப் போகும் பீக்கோ நடைபாதையும் பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள்தான். நாங்கள் இன்பத்துக்கு நடக்கும் அதே வழியில் ஒரு அம்மா கொழுந்துக்கூடையோடு வேலைக்குப் போகிறார். கேளாமல் படம் எடுக்காதீர்கள். லயத்து வாசலை எட்டிப் பார்க்காதீர்கள். "வணக்கம் அம்மா" என்று சொல்லிவிட்டு வழி விடுங்கள்.

அடுத்து எங்கள் பெரிய பிழை. மலையிலிருந்து பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை வரை ஒரே நாளில் போகத் திட்டமிட்டோம். வழியில் தேநீர், படம், பாத்றூம் என்று நேரம் போய், பாணமைக்கு அப்பால் இருட்டிவிட்டது. வளைவில் வீதியின் நடுவே ஒற்றை யானை. சாரதித் தம்பி லைற்றைக் குறைத்து, ஹோர்ன் அடிக்காமல், மெல்லப் பின்னுக்கு எடுத்தார். கால் மணித்தியாலம் ஆறு பேரும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்குமேல் வான் ஓடக்கூடாது என்பது சட்டம். மலைவீதியில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். சாரதிக்கு நல்ல சாப்பாடும் படுக்கையும் உறுதிசெய்யுங்கள். உங்கள் உயிர் அவர் தூக்கத்தில் இருக்கிறது.

உகந்தை முருகன் கோவிலடியில் குமண வனம் தொடங்குகிறது. ஹோட்டன் சமவெளியில் நடக்கலாம், குமணவில் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. ஆனால் கதிர்காமத் திருவிழாக் காலத்தில் பாதயாத்திரை அடியார்களுக்கு மட்டும் அந்தக் காட்டுவழி திறக்கும். வடக்கே செல்வச்சந்நிதியில் தொடங்கி, வெருகல், மட்டக்களப்பு வழியாக நடந்து வருபவர்கள் இங்கிருந்து காட்டுக்குள் இறங்குவார்கள். ஆற்றங்கரையில் சமைத்து, மரத்தடியில் படுத்து, யானையும் கரடியும் உள்ள காட்டை நாட்கணக்கில் கடப்பார்கள். ஒருவரை ஒருவர் "சாமி" என்றே அழைப்பார்கள். அதில் எத்தனையோ பேர் எங்கள் வயதுப் பெண்கள். கையில் ஒரு பை, காலில் சிலருக்குச் செருப்பும் இல்லை. வெள்ளைக்காரர் நமக்குப் பழக்கிய பொழுதுபோக்கு என்று கூடாரப் பயணத்தை நினைத்திருந்தேன். எங்கள் பாட்டிமார் இதை எப்போதோ செய்துவிட்டார்கள்.

வடக்கில் ஒரு கண்டிப்பான சொல். ஏ9 வீதியிலும் முகமாலைப் பக்கத்திலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஓர் அடியும் உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் "ஒதுங்கிவிட்டு வருகிறேன்" என்று போகாதீர்கள். ஊரவர் நடக்கும் பாதையில் மட்டும் நடங்கள். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணற்குன்றுகளில் சூரியன் ஏறுமுன் நடந்தோம். மணலில் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள் அங்கே நிற்கின்றன. குறிகட்டுவானிலிருந்து படகில் நெடுந்தீவு போய், பவளக்கல் வேலிகளுக்கு இடையே காட்டுக் குதிரைகளைப் பார்த்தோம். வெயில் காலத்தில் அவை தண்ணீருக்கு அலைவதையும் பார்த்தோம். மூன்றாவது கூடார இரவு அங்கே, ஒரு வீட்டு வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில்.

பையில் என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தலைக்கு ஒரு ரோர்ச், ஜீவனிப் பக்கற்றுகள், வழக்கமான மருந்து இரண்டு மடங்கு இரண்டு பைகளில், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், சித்தாலேப, ஒரு பழைய சாரி. அந்தச் சாரி விரிப்பு, மறைப்பு, கயிறு எல்லாமாகும். மழைக்காலத்தில் மலைக்குப் போவதானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படவேண்டாம். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ். இரண்டையும் கைபேசியில் மட்டுமல்ல, ஒரு கடதாசியிலும் எழுதி வையுங்கள். மலையில் பற்றறி சீக்கிரம் தீரும்.

தோழியரே, பயணம் முடிந்து மறுபடி முகத்துவாரத்துக்குப் போனோம். அதே ஆறு கலங்கலாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. "ரீச்சர் இப்போ படம் வரையச் சொன்னா எப்படி வரைவீங்க?" என்று கொட்டாஞ்சேனைத் தோழி கேட்டாள். ஒருத்தி வானில் கிடந்த பில்லின் பின்பக்கத்தில் வரைந்தாள். அப்புத்தளையை அவளே புள்ளி வைத்துப் பெயர் எழுதினாள்.

எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு வகுப்பினரும் அடுத்த மார்ச்சுக்கு ஒரு திகதி குறியுங்கள். முழங்கால் காத்திருக்காது. மற்றது, இந்த நூற்றாண்டு நினைவாக எங்கள் கல்லூரியின் உயர்தரப் புவியியல் மாணவிகளை வருடம் ஒருமுறை களனியின் வாயிலிருந்து தலையூற்று வரை அழைத்துப்போகச் சங்கம் பொறுப்பேற்க வேண்டும். முதல் வருடத்து வான் செலவை எங்கள் ஆறு பேரும் ஏற்கிறோம். 1977இல் நின்ற சுற்றுலாவை அந்தப் பிள்ளைகள் போய் முடிக்கட்டும்.