மூணாவது சீட்டு

(‘அணியில் இடம் பெற்றுத் தருவது திறமையா? தேவையா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘தேவையே’ என்ற அணியில் பேசியது)

நான் எங்கே தடுமாறுவேன்னு பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கிற எதிரணி அன்பர்களே! கம்பளியும் குல்லாவுமாக வந்து அமர்ந்திருக்கிற பெருமாள்மலைப் பெருமக்களே!

நான் இந்த ஊர்க்காரன். பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேருதே, இந்த முக்குலதான் வளர்ந்தேன். அதனால எங்க ஊர்க் கணக்கிலேயே ஆரம்பிக்கிறேன். வத்தலக்குண்டுல பஸ் ஏறுறோம். மூணு பேர் சீட்டு. ஜன்னலோரம் ஒருத்தர் உட்கார்ந்துட்டார், நடுவுல ஒருத்தர் உட்கார்ந்துட்டார். மூணாவதா ஒருத்தர் வர்றார். பாதி உடம்பு சீட்டுல, பாதி உடம்பு நடக்குற வழியில! (சிரிப்பு) மலை ஏற ஏற வளைவுக்கு வளைவு அவர் விழுவார். டிக்கெட்டு என்னவோ மூணு பேருக்கும் ஒரே காசுதான். அணியிலே கடைசி இடத்துக்குப் போட்டி போடுறவன் நிலைமை இதுதான் ஐயா. ஜன்னலோரத்துக்காரன் திறமையாலே உட்கார்ந்தான், ஒத்துக்கிறேன். மூணாவது ஆளை உட்கார வைக்கிறது தேவை.

எதிரணியிலே பேசின அம்மா, “திறமை இருந்தா இடம் தானா வரும்”னு சொன்னாங்க. அம்மா, இந்த மலையிலே பிளம்ஸ் பறிக்க ஆள் எடுக்குறாங்க. ரெண்டு பேர் மரத்துல ஏறிட்டான். மூணாவது ஆளா யாரை எடுப்பீங்க? இன்னும் நல்லா ஏறுறவனையா? கீழே நின்னு கூடை பிடிக்கிறவனையா? மூணு பேரும் மரத்துல இருந்தா பழம் எல்லாம் தரையிலதான்! (கைதட்டல்)

சரி, தோட்டத்தை விட்டு மைதானத்துக்கு வருவோம். 2019 உலகக் கோப்பை கிரிக்கெட். ஏப்ரல் 15ஆம் தேதி அணியை அறிவிக்கிறாங்க. நாலாவதா இறங்கி ஆட அம்பத்தி ராயுடுதான்னு பலரும் நினைச்சிருந்தாங்க. எடுத்தது நம்ம தமிழ்நாட்டு விஜய் சங்கரை. தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் சொன்ன காரணம் என்ன? மட்டை பிடிப்பார், பந்து வீசுவார், ஃபீல்டிங் செய்வார், முப்பரிமாணம் உள்ளவர். மறுநாளே ராயுடு, உலகக் கோப்பை பார்க்க 3டி கண்ணாடி ஆர்டர் பண்ணிட்டேன்னு ட்விட்டர்ல எழுதினார். (சிரிப்பு) சிரிச்சிட்டோம். ஆனா அந்தச் சிரிப்புக்குள்ள எவ்வளவு வலி இருக்குன்னு பெஞ்சிலே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

ஜூன் 16, மான்செஸ்டர், பாகிஸ்தானோட ஆட்டம். புவனேஷ்வர் குமார் காலைப் பிடிச்சுக்கிட்டு ஓவருக்கு நடுவுல வெளியே போறார். மிச்சப் பந்தைப் போட யார் வந்தது? விஜய் சங்கர். உலகக் கோப்பையிலே அவர் போட்ட முதல் பந்து. இமாம் உல் ஹக் எல்.பி.டபிள்யூ! தேவைக்கு எடுத்த ஆள் தேவைக்கு உதவினார்.

நடுவர்: அப்புறம் அவருக்கே அடிபட்டதே, அதையும் சொல்லுங்க!

சொல்றேன் ஐயா, மறைக்க மாட்டேன். வலைப் பயிற்சியிலே கால் விரல்ல அடிபட்டு அவரும் ஊர் திரும்பினார். அப்பவாவது காத்திருப்போர் பட்டியல்ல இருந்த ராயுடுவைக் கூப்பிட்டாங்களா? அதுவரைக்கும் ஒரு ஒருநாள் போட்டிகூட ஆடாத மயங்க் அகர்வாலைக் கூப்பிட்டாங்க. ஜூலை 3ஆம் தேதி ராயுடு ஓய்வை அறிவிச்சுட்டார். அது நியாயமான்னு என்னைக் கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவேன். ஆனா இன்னைக்குத் தலைப்பு நியாயம் இல்லையே. இடம் எதனாலே கிடைக்குதுங்கிறதுதானே?

இன்னொரு பெரிய உதாரணம். நம்ம சென்னை அஸ்வின். 106 டெஸ்ட், 537 விக்கெட், அதுக்கு மேலே ஆறு சதம். திறமைக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா? அவரை 2021-ல இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போய், நடந்த நாலு டெஸ்ட்லயும் வெளியே உட்கார வெச்சாங்க. ஒரே சுழற்பந்து வீச்சாளர் போதும், அவர் மட்டையும் பிடிக்கணும்னு ஜடேஜாவை ஆட வெச்சாங்க. 2023 ஜூன், ஓவல் மைதானம், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையிலே உலகத்துலயே முதலிடம் அஸ்வினுக்கு. அணியில இடம் இல்லை! எதிரே ஆஸ்திரேலியாவுல முதல் எட்டுப் பேரிலே அஞ்சு பேர் இடதுகைக்காரங்க. அதுல ஒருத்தர், டிராவிஸ் ஹெட், 163 அடிச்சார். 209 ரன்ல தோத்தோம். எதிரணித் தலைவர் இதைத்தான் எடுத்துக்காட்டினார். ஐயா, அது தேவையைத் தப்பாக் கணக்குப் போட்ட கதை. தப்போ சரியோ, போட்டது தேவைக் கணக்கைத்தானே?

அந்தக் கணக்குல கடைசி வரி 2024-ல வந்தது. அக்டோபர் மாசம் புனேவுல நியூசிலாந்தோட டெஸ்ட். முதல் இன்னிங்ஸ்ல பத்து விக்கெட்டையும் நம்ம ரெண்டு தமிழ்நாட்டுப் பையன்களே எடுத்தாங்க. அஸ்வின் மூணு, வாஷிங்டன் சுந்தர் ஏழு. அடுத்த மாசம் ஆஸ்திரேலியா. பெர்த்துல வாஷிங்டன். அடிலெய்டுல அஸ்வின். பிரிஸ்பேன்ல ஜடேஜா. மூணு டெஸ்ட், மூணு ஆள், ஒரே நாற்காலி! பிரிஸ்பேன் ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கே, டிசம்பர் 18, அஸ்வின் போதும்னு எழுந்துட்டார். அந்த வாஷிங்டன் யாரு? அதே பிரிஸ்பேன்ல 2021 ஜனவரியிலே, வலையிலே பந்து போடறதுக்காக அணியோட தங்கின பையன். அஸ்வினுக்கு உடம்பு முடியாமப் போக, ஆள் தேவைப்பட்டது. உள்ளே வந்தார். முதல் இன்னிங்ஸ்லயே மூணு விக்கெட் எடுத்தார், 62 ரன் அடிச்சார். அந்த ஆட்டத்தை நாம ஜெயிச்சோம். (கைதட்டல்)

இவ்வளவு பேசுறேனே, எனக்கு இதுல என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. 1992-ல எனக்கு 19 வயசு. ஊர்க் கால்பந்து அணியிலே முன்வரிசைக்கு மூணு பேர். ரெண்டு இடம் நிரம்பிடுச்சு. மூணாவது இடத்துக்கு நானும் என் கூட்டாளியும். நம்ம மைதானம் உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் சரிவு. பந்து வெளியே போனா காப்பித் தோட்டத்துல தேடணும். சாயங்காலம் மேகம் இறங்கிட்டா கோல்கீப்பரையே தேடணும். (சிரிப்பு) அவனைவிட நான் வேகம். அவனைவிட நான் அதிகம் கோல் போட்டவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவனை எடுத்தார். ஏன்னு கேட்டேன். “பந்து பறிபோனா அவன் பின்னாடி ஓடி வர்றான். நீ இடுப்புல கைவெச்சு நிக்கிற”ன்னார். அன்னைக்கு பூட்ஸைக் கழட்டி வீசினவன்தான். திண்டுக்கல்லுக்கு அணி ஆடப் போன அன்னைக்கு, பஸ் ஸ்டாப்புல வழியனுப்பக்கூட நிக்கலை.

இப்ப அதே மைதானத்துல பசங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மூணு மாசம் முன்னாடி அதே மூணாவது இடம். ஒருபக்கம் என் அண்ணன் மகன். பந்து அவன் காலோட ஒட்டிக்கிட்டே போகும். இன்னொரு பக்கம், தினமும் வடகவுஞ்சியிலிருந்து பஸ் பிடிச்சு வர்ற ஒரு பையன். அவ்வளவு அழகான ஆட்டம் இல்லை. ஆனா இடதுகால் ஆட்டக்காரன். அந்தப் பக்கம் எனக்கு ஆள் இல்லை. அந்தப் பையனை எடுத்தேன். அண்ணன் அன்னையிலிருந்து என்கூடப் பேசுறதில்லை. பொங்கலுக்கு அண்ணி மட்டும் வந்து பானை வெச்சுட்டுப் போனாங்க. அவர் இப்ப இங்கேதான், ஆறாவது வரிசையிலே, மஃப்ளர் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீங்க, வீட்டுல இன்னும் மோசமாயிடும்! (சிரிப்பு)

பையன் மட்டும் நான் செஞ்சதைச் செய்யலை. பூட்ஸை வீசலை. தினமும் காலையிலே வர்றான், தண்ணி பாட்டில் தூக்குறான். போன வாரம் எல்லாரும் போனப்புறம் நின்னு கேட்டான்: “சித்தப்பா, இடதுகால்ல அடிச்சுப் பழகட்டுமா?” பந்தை எடுத்துக் கொடுத்தேன். சரிவுப் பக்கம் நின்னு இருட்டுற வரைக்கும் அடிச்சான். பாதிப் பந்து காப்பித் தோட்டத்துலதான். நாளைக்குக் காலையிலே நானும் அவனும் போய்த் தேடணும்.

அண்ணே, உனக்கும் வணக்கம். (பலத்த கைதட்டல்)