ராத்திரியில் கத்திய மாடு



கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு 21 என்ற எண்ணின் அருமை தெரியும். சினையில்லாத மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வந்த பருவம் நிற்பது அரை நாள், மிஞ்சிப்போனால் 18 மணி நேரம். அதைக் கண்டுகொண்டு, காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை என்று சினை ஊசி போட்டுவிட வேண்டும். தவறவிட்டால் இன்னும் மூன்று வாரம் தீவனம் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

பருவம் வந்த மாடு சும்மா இருக்காது. கத்தும். கட்டுத்தறியில் நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைக்கும். கண்ணாடி போல வழும்பு ஒழுகும். ஆனால் இந்தக் கூத்தில் பெரும்பகுதி நாம் தூங்குகிற நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. எருமையோ பல சமயம் வாயே திறக்காது. அதற்கு ஊமைப் பருவம் என்றே பெயர்.

பெங்களூரிலிருக்கும் ஸ்டெல்லாப்ஸ் என்ற நிறுவனம் கை வைத்த இடங்களில் இந்தப் பருவத்தைக் கண்டுபிடிப்பதும் ஒன்று. 2011இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் மாட்டு வைத்தியர்கள் அல்லர், கம்ப்யூட்டர் துறைக்காரர்கள். அவர்கள் மாட்டின் காலில் கட்டிய கருவிக்கு ‘மூஆன்’ என்று பெயர் வைத்தார்கள். பெங்களூருக்கு மாடு புதிதல்ல. ஆடுகோடியில் இன்று தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டலக் கிளை இருக்கிறதே, அங்கே இருந்த அரசுப் பால் பண்ணைக்கு 1927இல் காந்தியடிகளே வந்து மாடு வளர்ப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சரி, காலில் கட்டிய கருவி என்ன செய்கிறது? அடி எண்ணுகிறது. கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரை தானாகத் திரும்புகிறது அல்லவா, அதைச் செய்கிற சில்லின் இனம்தான் இதற்குள்ளும் இருக்கிறது. எத்தனை அடி வைத்தது, எவ்வளவு நேரம் படுத்தது என்ற கணக்கு, ரேடியோ அலையில் தொழுவத்திலுள்ள ஒரு பெட்டிக்குப் போகிறது. வானொலியில் குரலைச் சுமந்து வருவதும் ரேடியோ அலைதான், அது வேறு அலைவரிசை, அவ்வளவே. பெட்டியிலிருந்து இணையம் வழியாகக் கணக்கு மேலே போய், கைபேசிக்குச் செய்தியாக இறங்குகிறது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. கருவி ஒரு மாட்டை இன்னொரு மாட்டோடு ஒப்பிடுவதில்லை. லட்சுமி என்றொரு மாடு இருந்தால், அதன் நேற்றைய நடையோடுதான் அதன் இன்றைய நடையை ஒப்பிடுகிறது. திடீரென்று நடை கூடினால் பருவம். குறைந்து, படுத்தே கிடந்தால் உடம்புக்கு ஏதோ ஆகாமல் இருக்கலாம். கழுத்தில் கட்டுகிற வேறு வகைக் கருவிகள் அசை போடுவதையும் கணக்கெடுக்கின்றன. நல்ல மாடு நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அது சட்டென்று குறைந்தால், கறவை குறையும் முன்பே டாக்டரைக் கூப்பிட்டுவிடலாம்.

இஸ்ரேலின் பெரிய பண்ணைகளில் 1980களிலேயே மாட்டின் காலில் இப்படிக் கட்டிவிட்டார்கள். அங்கே நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு ஒரே பெட்டி போதும், செலவு பரவிவிடும். கோலாரிலும் ஓசூரிலும் நம் ஆட்களிடம் இருப்பது இரண்டு மாடு, மூன்று மாடு. அவர்களைத் தனித்தனியாக இதை வாங்கச் சொல்வது நியாயமில்லை. பால் சொசைட்டியோ பால் வாங்கும் கம்பெனியோ செலவை ஏற்றுக்கொண்டால்தான் இது சின்னத் தொழுவத்துக்கு வரும். வந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி வந்தால் மறுநாள் நேரத்துக்கு ஊசி போட ஆள் வர வேண்டும். அந்த ஆளைக் கருவி கொண்டுவந்து நிறுத்தாது.

அதுவரை சுவரில் தொங்கும் காலண்டர் இருக்கிறது. மாடு கடைசியாகக் கத்திய தேதியை இன்றைக்கே அதில் வட்டமிட்டு வையுங்கள். 18ஆம் நாளிலிருந்து படுக்கப் போகும் முன் ஒரு தடவை, விடியும் முன் ஒரு தடவை, டார்ச்சை எடுத்துக்கொண்டு தொழுவத்தை எட்டிப் பாருங்கள்.