ரிசீவரும் அவருக்கு நிற்கும் ஜாமீனும்



தோட்டத்துக்கு உரிமையாளர் இருவர் பங்குத் தகராறில் நீதிமன்றம் சென்றால், வழக்கு முடியும்வரை மரங்கள் காத்திரா. பால் இறங்கிக்கொண்டே இருக்கும்; அதை விற்ற பணமும் எவர் கைக்கேனும் சென்றே தீரும். இரு தரப்பில் ஒருவரே அதனை எடுத்துக்கொள்ளாதிருக்க, உயர் நீதிமன்றம் பொதுவான ஒருவரை நியமிப்பதுண்டு. அவரையே ரிசீவர் என்கிறோம். விற்பனை, உரச்செலவு, சம்பளப் பட்டுவாடா ஆகியவை, நீதிமன்றம் ஆணையிட்ட அளவுக்கு, அவர் பொறுப்பில் வரும்.

இத்தனை பணம் புரளும் கைக்கு யார் பொறுப்பு? 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 30ஆம் கட்டளை இதற்கு வழி வகுத்துள்ளது. பெற்ற பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டவும், நீதிமன்றம் பணித்தவாறே அதனைக் கையாளவும் ரிசீவர் பாதுகாப்பு அளிக்கவேண்டுமென நீதிமன்றம் உத்தரவிடலாம். வேறுவிதமாகப் பணித்தாலன்றி, அது உத்தரவாதப் பத்திரமாக இருத்தல் வேண்டும். பத்திரம் நீதிமன்றப் பதிவகத்தில் வைக்கப்படும்.

கூட்டுறவுச் சங்கத்தில் நண்பர் கடன் வாங்கும்போது ஜாமீன் கையொப்பமிட்டவர் நம்மிடையே பலர் உளர். கையொப்பமிட்டுவிட்டு உறக்கம் இழந்தவரும் உளர். ரிசீவரின் ஜாமீனும் அந்த இனத்ததே. ஆனால் அங்கே கடன் முன்னரே வாங்கப்பட்டுவிட்டது. இங்கோ, இன்னும் நிகழாத தவறு ஒன்றுக்காகப் பத்திரம் எழுதப்படுகின்றது.

ஜாமீன் தொகை 200,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 50,000 வெள்ளி குறைந்து, ரிசீவர் அதனைக் கட்டத் தவறினால், ஜாமீன்தாரர் அந்த 50,000 வெள்ளியைச் செலுத்தவேண்டும், முழுத்தொகையையும் அன்று. குறைவது 250,000 வெள்ளியானால், அவர் பொறுப்பு 200,000 வெள்ளியோடு நின்றுவிடும். செலுத்திய பணத்தை ரிசீவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை ஜாமீன்தாரருக்கு உண்டு.

தொழிலாளர் பலர் தவறாக எண்ணக்கூடிய இடம் ஒன்று உண்டு. பத்திரம் இருக்கிறதே, நம் சம்பளம் பத்திரமாயிருக்கும் என்று இருந்துவிடலாகாது. ரப்பர் விலை வீழ்ந்து வந்த நட்டத்துக்கோ, பழைய நிருவாகம் விட்டுச்சென்ற சம்பளப் பாக்கிக்கோ ஜாமீன்தாரர் பொறுப்பாளர் அல்லர். சம்பளத்துக்கென ஒதுக்கிய பணத்தை ரிசீவரே விழுங்கிவிட்டால், அது வேறு. அத்தகைய குறைவுக்காகவே பத்திரம் இருக்கின்றது.

பழைய பாக்கிக்குத் துணை வேறிடத்தில் உள்ளது. அடமானக் கடனுக்காக நீதிமன்ற ஆணையின்படி தோட்டம் விற்கப்பட்டால், கடன் கொடுத்தவருக்குப் பணம் சேருமுன், அங்கு வேலை செய்தோரின் சம்பளப் பாக்கி செலுத்தப்படவேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு கூறுகின்றது. இம்முன்னுரிமை தொடர்ந்த நான்கு மாத வேலைக்குரிய சம்பளத்துக்கு மேற்படாது. ஆகவே ஐந்தாம் மாதம்வரை பொறுத்திருப்பது நன்றன்று. சம்பளச் சீட்டுகளோடு ஆள்பல இலாகாவையோ தொழிற்சங்கத்தையோ முன்னரே நாடுதல் வேண்டும்.

பால் ஸ்டோரில் நிறுத்த எடை என்ன, ஓட்டுப்பால் எத்தனை கிலோ என்பதை வெட்டியவரைவிட நன்கறிந்தவர் யார்? ரிசீவர் காட்டும் கணக்கில் அவ்வெடை குறைவாயிருப்பதாக ஐயுற்றால், தேதியும் எடையும் குறித்துத் தொழிற்சங்கத்தின் வாயிலாக வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம். இதனைக் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும். கணக்கு முடிந்து, ஜாமீனை நீதிமன்றம் விடுவிக்கும் நாள்வரையே பத்திரம் பதிவகத்தில் இருக்கும்.