அஞ்சாது அறிவித்த ஆதித் திருச்சபை

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற தியானக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்பது வந்த வழியை எண்ணிப் பார்க்கும் காலம். இக்கோயில் எழுந்த வரலாற்றையும், அதற்காக வியர்வை சிந்திய பெரியோர்களையும் பலர் எடுத்துச் சொன்னார்கள். நாமோ இன்னும் பின்னே சென்று, எல்லாப் பங்குகளுக்கும் தாய்ப் பங்காகிய எருசலேம் சபையை இன்று நோக்குவோம். அவர்களுக்குக் கோபுரம் இல்லை, மணி இல்லை, கொடிமரம் இல்லை. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் அவர்களுடைய விசுவாசம் உரோமை நகரையே எட்டிவிட்டது. இது எப்படி நடந்தது?

நெய்வேலி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. 1957-ல் இங்கே சுரங்க வேலை தொடங்கிற்று. 1961-ல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. நான்கு ஆண்டுகள் மேல்மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். கீழிருந்து முட்டும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்தார்கள். 1962-ல் மின்சாரம் பிறந்தது. கரி காலங்காலமாக இங்கேதான் கிடந்தது. ஆனால் மூடியிருந்த மண்ணை அகற்றும் வரை அது ஒரு குடிசைக்கும் விளக்கேற்றவில்லை. ஞானஸ்நானத்தில் நாம் பெற்ற விசுவாசமும் அப்படித்தான். அதை மூடியிருக்கும் மண் எது? அச்சம் ஒன்று; "அது சாமியார் வேலை" என்னும் எண்ணம் ஒன்று; நமக்குள்ளே நிலவும் பிரிவினை ஒன்று. இம்மூன்றையும் ஆதிச் சபையார் எப்படி அகற்றினார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, அச்சம். இராயப்பரும் அருளப்பரும் தேவாலய வாசலில் இருந்த முடவனை எழுந்து நடக்கச் செய்தார்கள். அதற்காக ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். அது நம் ஆண்டவருக்குத் தீர்ப்பிட்ட அதே சங்கம். ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு நடுங்கிய இராயப்பர், அன்று தலைவர்கள் முன் தலைநிமிர்ந்து பேசினார். படிப்பில்லாத இந்த மீன்பிடிக்காரருக்கு இத்துணிவு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் வியந்தார்கள். "இனி அந்தப் பெயரைச் சொல்லாதீர்" என்று மிரட்டி அனுப்பினார்கள்.

விடுதலையான இருவரும் தம்மவரிடம் சென்றதும் எல்லாரும் கூடிச் செபித்தார்கள் (அப். பணி 4:23-31). அந்தச் செபத்தைக் கவனியுங்கள். எதிரிகள் அழியவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தங்கள் துன்பம் நீங்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. துணிவோடு பேச வரம் கேட்டார்கள். நோயுற்றோர் குணமடைய வரம் கேட்டார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும் என்று நாம் செபிப்பது தவறன்று. தந்தையிடம் பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும். அத்தோடு, அஞ்சாமல் சாட்சி சொல்லும் வரத்தையும் நம் குடும்பச் செபத்தில் கேட்போமா? சாட்சி என்றால் மேடைப்பேச்சு அன்று. வேலையிடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குமுன் வெட்கமின்றிச் சிலுவை அடையாளம் வரைவது சாட்சி. பொய்க் கணக்கில் கையெழுத்திட மறுப்பது அதனினும் பெரிய சாட்சி.

இரண்டாவது, "அது சாமியார் வேலை, கன்னியர் வேலை" என்னும் எண்ணம். முடியப்பர் கொல்லப்பட்டபின் சபை சிதறியது. அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருந்தார்கள். சிதறிப் போன சாதாரண மக்கள்தாம் போன இடமெல்லாம் நற்செய்தியைச் சொன்னார்கள். அவர்களில் சிலர் அந்தியோக்கியாவுக்குப் போனார்கள். 'கிறிஸ்தவர்' என்ற பெயர் முதன்முதல் வழங்கியது அந்நகரில்தான். அந்தப் பெரிய சபைக்கு அடிகோலியவர்கள் யார்? சீப்புரு, சிரேனே ஊர்க்காரர்கள் என்று மட்டும் வேதம் சொல்லுகிறது. அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆக்கிலாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்த தம்பதிகள். அரச கட்டளையால் உரோமையை விட்டு வெளியேறிக் கொரிந்துக்கு வந்தவர்கள். தொழில் செய்த வீட்டிலேயே அவர்கள் சின்னப்பருக்கு இடம் கொடுத்தார்கள். பின்னர் எபேசு நகரில் அப்பொல்லோ என்னும் பேச்சாளரைத் தம்மிடம் அழைத்துச் சென்று, விசுவாசத்தைத் தெளிவாக விளக்கினார்கள்.

நம் ஊர்க் கதையும் அதுதானே! பிழைப்புத் தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பலர். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்து இடம்பெயர்ந்த இவ்வட்டாரத்து மக்கள் பலர். ஆண்டவர் நம்மை இங்கே சேர்த்தது சம்பளத்துக்காக மட்டுமா?

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் அரிய சாட்சி உண்டு. 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரரின் படைத்தலைவன் டிலனாய் என்பவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டார். பின்பு அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தார். அவர் குருவல்லர், உபதேசியாருமல்லர், போர்வீரர். அதே அரசில் பணியாற்றிய நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் நொந்திருந்தார். டிலனாய் வாதம் செய்யவில்லை. துன்பத்திலிருந்த நண்பருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அந்த விதை முளைத்தது. 1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவியும் ஞானப்பூ என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். 1749-ல் சிறைப்பட்டு, ஏறக்குறைய மூன்றாண்டுகள் வதைபட்டு, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்! ஒரே இடத்தில் வேலை பார்த்த இருவர் மனம் விட்டுப் பேசியதில் தொடங்கியது இது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் தூதுப்பணி பற்றித் தனி ஏடு தந்தது. அந்த ஏட்டுக்கு உயிருள்ள விளக்கவுரை இவ்விருவரும்.

மூன்றாவது, பிரிவினை. எருசலேமில் அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் ஒதுக்கப்பட்டனர். முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை மூடி மறைக்கவில்லை. முறையிட்டவர்களை அடக்கவும் இல்லை. ஏழுபேரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! குறைபட்ட பக்கத்தாரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. அதன்பின் என்ன நடந்தது? தேவ வார்த்தை பரவியது, சீடரின் தொகை மிகவும் பெருகியது என்கிறது வேதம் (6:7). பந்தி சீரானது, சபை வளர்ந்தது.

தேவசகாயம் சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் அன்று பலருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910-ல்தான் அது இடிந்தது. செங்கல் சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். நெஞ்சிலுள்ள சுவருக்கு எத்தனை நாள் வேண்டும்? நகரியத்துக் குடியிருப்பில் வாழும் நிரந்தர ஊழியரும், வெளியே கூரை வீட்டில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளியும் நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தை உண்கிறார்கள். பங்குப் பேரவையிலும், திருமணப் பேச்சிலும், சாவு வீட்டிலும் அந்த ஒருமை தெரிகிறதா? அது தெரியாத வரை நம் வாய்ச்சாட்சியை யார் நம்புவார்?

ஒன்று சொல்லி முடிப்போம். துணிவு வேறு, துடுக்கு வேறு. எபேசு நகரில் பெருங்கலகம் எழுந்தபோது, இவர்கள் எங்கள் தேவியைப் பழிக்கவில்லை என்று அந்நகரச் செயலரே சின்னப்பரின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னார் (19:37). அயலாருடைய வழிபாட்டை இகழாமலேயே அவர்கள் கிறிஸ்துவை அறிவித்தார்கள். விசுவாசத்துக்கு யாரையும் வற்புறுத்தலாகாது என்று வத்திக்கான் சங்கமும் 1965-ல் தெளிவுபடுத்தியது. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு நமக்குத் தரும் மனச்சான்றின் உரிமையை அண்டை வீட்டாருக்கும் தருகிறது. கேட்பவருக்குப் பதில் சொல்வோம். சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்வோம். ஆசை காட்டவும் வேண்டாம், அச்சமூட்டவும் வேண்டாம்.

ஆகவே இந்த யூபிலியின் நினைவாக மூன்று காரியங்களைச் செய்வோம். குடும்பச் செபத்தில் துணிவின் வரத்தை நாள்தோறும் கேட்போம். துன்பத்திலிருக்கும் உடன் பணியாளர் ஒருவரின் வீட்டுக்குப் போய், டிலனாயைப் போல் அருகிலிருந்து ஆறுதல் சொல்வோம். நம் அன்பியக் கூட்டத்துக்கு இதுவரை அழைக்கப்படாத ஏழைக் குடும்பத்தை அழைத்து, முன்வரிசையில் அமர்த்துவோம்.

மேல்மண் நீங்கட்டும், உள்ளிருக்கும் கனல் வெளிப்படட்டும். ஆதிச் சபையைத் தம் ஆவியால் நிரப்பிய ஆண்டவர் நம்மையும் நிரப்பி, நம் இல்லங்களையும் இவ்வூர் மக்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.