இரண்டாவது நாற்காலி



கால்பந்து ஆட்டம் பார்த்திருப்பீர்கள். கோட்டுக்கு வெளியே ஒருவர் நின்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். அவர்தான் கோச். அதாவது பயிற்சியாளர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் நோட்டுடன் உட்கார்ந்திருப்பார். அவர் உதவிப் பயிற்சியாளர். அவரை யாரும் கவனிப்பதில்லை. இன்று அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஏன் தெரியுமா? கால்பந்து ஆடுகிறவர் பலருக்கு 35 வயதுக்குள் கால் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகும் குடும்பம் நடக்க வேண்டும். பலர் தேடிப் போகும் வழி இந்த இரண்டாவது நாற்காலிதான்.

இதில் வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். வீரர்கள் வருவதற்கு முன்பே அவர் மைதானத்துக்கு வந்துவிடுவார். அடுத்து மோதப் போகும் அணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அவர்கள் கார்னர் கிக் எப்படி அடிக்கிறார்கள்? எந்த வீரருக்கு இடது கால் பழக்கம்? எல்லாவற்றையும் எழுதி வைப்பார். ஆட வாய்ப்புக் கிடைக்காத பையன் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், அவனிடம் போய்ப் பேசுவதும் இவர்தான். தலைமைப் பயிற்சியாளர் ஸ்பெயின்காரராக இருப்பார். பையன் மிசோரத்தில் இருந்து வந்திருப்பான். நடுவில் நின்று இருவருக்கும் புரியவைக்க ஓர் ஆள் வேண்டாமா?

இந்த வேலைக்குப் படிப்பு உண்டு. நன்றாக ஆடினால் மட்டும் போதாது. லைசென்ஸ் வாங்க வேண்டும். முதலில் டி, பிறகு சி, பி, ஏ, கடைசியில் புரோ. ஒவ்வொரு படியிலும் வகுப்பு உண்டு, தேர்வு உண்டு. பயிற்சித் திட்டத்தை எழுதியும் காட்ட வேண்டும், மைதானத்தில் நடத்தியும் காட்ட வேண்டும். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் புரோ லைசென்ஸ்தான் கடைசிப் படி.

கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்டு மிராண்டாவின் கதையைச் சொல்கிறேன். டெம்போ அணியில் நெடுங்காலம் ஆடியவர். இந்தியாவுக்காகவும் ஆடியவர். ஆட்டத்தை விட்ட பிறகு எஃப்.சி. கோவாவின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். 2020 ஜனவரி கடைசியில் தலைமைப் பயிற்சியாளர் செர்ஜியோ லோபேராவை நிர்வாகம் நீக்கியது. பொறுப்பு கிளிஃபோர்டிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 37. பிப்ரவரி 19 அன்று ஜாம்ஷெட்பூர் அணியை 5-0 என்று வென்றார்கள். ஐ.எஸ்.எல். லீக் பட்டியலில் கோவாவுக்கு முதலிடம். ஆசிய சாம்பியன்ஸ் லீக் போட்டியின் குரூப் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய கிளப்பும் அதுதான். அரையிறுதியில் மட்டும் நம் சென்னை அணியிடம் தோற்றார்கள். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6-5. மயிரிழையில் போனது.

பிறகு என்ன நடந்தது? அடுத்த பருவத்துக்கு ஸ்பெயின்காரரான ஹுவான் ஃபெராண்டோ தலைமைப் பயிற்சியாளராக வந்தார். கிளிஃபோர்டு இரண்டாவது நாற்காலிக்குப் போனார்.

2023-இல் அவர் ஒடிசா எஃப்.சி.யில் உதவியாளர். அங்கும் தலைமைப் பயிற்சியாளர் விலகினார். மறுபடியும் தற்காலிகப் பொறுப்பு. ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம். பெங்களூரு அணியை 2-1 என்று வென்றது ஒடிசா. அந்த கிளப் வாங்கிய முதல் பெரிய கோப்பை அது. இப்போதாவது நாற்காலி கிடைத்ததா? இல்லை. அடுத்த பருவத்துக்கு லோபேரா வந்தார். கோவாவில் யாருடைய இடத்தில் கிளிஃபோர்டு நின்றாரோ, அதே லோபேரா! கிளிஃபோர்டு மோகன் பகான் அணிக்குப் போனார், உதவியாளராக. அங்கே தலைவர் யார்? அதே ஃபெராண்டோ!

வெளிநாட்டுக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் நம்மவர்கள் கற்றது நிறைய. ஆனால் வெற்றி பெற்றவரையும் திரும்ப உட்கார வைப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. பணம் போடும் முதலாளிக்கு வெளிநாட்டுப் பெயர் மீது ஒரு நம்பிக்கை. அதற்கு மேல் காரணம் எனக்குத் தோன்றவில்லை.

காலித் ஜமீல் பட்டதும் இதுதான். 2017-இல் மிசோரத்தின் சின்ன அணியான ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் அவர். அப்படிப்பட்டவரே பின்னர் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியில் உதவியாளராக உட்கார்ந்தார். 2021 ஜனவரியில் தற்காலிகப் பொறுப்பு கிடைத்தது. அணியை அரையிறுதி வரை கொண்டுபோனார். அதே ஆண்டு அவரையே நிரந்தரமாக வைத்தார்கள். ஐ.எஸ்.எல்.லில் அப்படி நிரந்தரப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணில் 2-1 என்று வென்றார்.

இது பெண்களுக்கும் உள்ள வேலைதான், தங்கைகளே. கோவாவின் மேமோல் ராக்கி இந்தியப் பெண்கள் அணிக்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் நிரந்தர வேலை என்பது அபூர்வம். தலைவரை மாற்றும்போது உதவியாளரையும் சேர்த்து அனுப்பிவிடுவது உண்டு. ஆகவே பெரிய கிளப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பள்ளிக்கூடங்களுக்கும் சின்ன அகாடமிகளுக்கும் கூடப் பயிற்சியாளர்கள் தேவைப்படுகிறார்கள். டி லைசென்ஸ் வகுப்பு எப்போது, எங்கே, கட்டணம் எவ்வளவு என்பதை உங்கள் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் விசாரியுங்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். கையெழுத்துப் போடும் முன்பு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.